நாயின் வயிற்றில் கட்டி: தீபாவளி வரை பொறுக்கலாமா?

கேள்வி: போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கிறேன். எங்கள் வீட்டு நாய் ஜூலிக்கு எட்டு வயசு. போன ஞாயிற்றுக்கிழமை உண்ணி பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்கால் பக்கமாக, வயிற்றில் காம்புக்குக் கிட்ட ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கடலையளவு இருக்கும். தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, மலைக்கு என் பின்னாலேயே வருகிறது. இதுவரை குட்டி போட்டதில்லை. குட்டி வேண்டாம் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசி போட்டு வந்தோம். பால் கட்டியிருக்கிறது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசு என்கிறார் மாமியார். கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவும், அப்படியே விடு என்கிறார் பக்கத்து லயத்து அண்ணன். வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. தீபாவளிக்கு வரும்போது பார்ப்போம் என்கிறார். இது புற்றுநோயா? பிள்ளைகள் அதோடுதான் படுக்கிறார்கள், ஒட்டுமா?

பதில்: தங்கச்சி, தீபாவளி வரை பொறுக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஜூலியை ஒரு மிருக வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டோ பிடித்து ஓட வேண்டிய அவசரம் இதில் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற காரியமும் இல்லை.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்து என்னால் அதைச் சொல்ல முடியாது. ஜூலியை நேரில் மேசைமேல் ஏற்றித் தடவிப் பார்த்தாலும் சொல்ல மாட்டேன். விரலுக்குள் உருளுகிறது, மெதுவாக இருக்கிறது, அதனால் வெறும் கொழுப்புத்தான் என்று தொட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொழுப்புக்கட்டி மாதிரியே மெத்தென்று இருக்கிற பொல்லாத கட்டியும் உண்டு, கல்லு மாதிரி இருந்துவிட்டு ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. வலி இல்லை, சாப்பாட்டில் குறையில்லை என்பதையும் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிக் கட்டிகள் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது.

ஆனால் ஜூலி விஷயத்தில் நீங்கள் எழுதிய நாலு தகவல்களைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. பெட்டை நாய். எட்டு வயசு. கருப்பை எடுக்கப்படவில்லை. கட்டி இருப்பது பின்பக்கத்துக் காம்போரம். பெட்டை நாய்க்குப் பொதுவாக ஐந்து சோடிப் பால் சுரப்பிகள், நெஞ்சில் தொடங்கித் தொடையிடுக்கு வரைக்கும் இரண்டு வரிசையாக ஓடும். அவற்றில் கடைசி இரண்டு சோடிகளில்தான் கட்டி அதிகமாக வரும். நடுவயதைத் தாண்டிய, கருப்பை எடுக்காத பெட்டை நாய்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற கட்டி இந்தப் பால் சுரப்பிக் கட்டிதான். அதில் ஏறக்குறைய பாதி சாதுவானது. மற்றப் பாதி பரவக்கூடியது. பரவினால் முதலில் தொடையிடுக்கிலோ அக்குளிலோ உள்ள நெறிக்கட்டுக்குப் போகும், அப்புறம் நுரையீரலுக்கு.

சாதுவான பாதியில் ஜூலி இருக்கலாமே என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாதுவாக இருந்த கட்டியே பெரிதாகப் பெரிதாக மாறிப்போவது இந்த வகையில் உண்டு. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டியில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டினால் கணக்கு வேறு. கடலையளவில் நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். பெரும்பாலும் எங்களிடம் கொண்டுவரும்போது எலுமிச்சம்பழ அளவாகி, தரையில் உரசிப் புண்ணாகி, ஈ மொய்க்கத் தொடங்கியிருக்கும்.

அப்புறம் அந்த ஊசி. குட்டி வேண்டாம் என்று போடுகிற கருத்தடை ஊசியில் இருப்பது புரொஜெஸ்டெரோன் வகை ஹோர்மோன். நாய் பருவத்துக்கு வராமல் அது தடுக்கும், உண்மைதான். ஆனால் அதே ஹோர்மோன்தான் பால் சுரப்பியையும் வளரத் தூண்டுகிறது. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டால் சுரப்பியில் கட்டி வரும் வாய்ப்புக் கூடுகிறது. கருப்பைக்குள் சீழ் கட்டுவதற்கும் அது வழி செய்யும். அந்த வியாதியில் நாய் சில நாளிலேயே செத்துப்போகலாம். இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கையில் கிடைத்த வழி அதுவாக இருந்தது, லயத்தைச் சுற்றி ஆண் நாய்கள் பத்து நிற்கும்போது வேறென்ன செய்வீர்கள்? ஆனால் இனி அந்த ஊசி வேண்டாம். அடுத்த தவணை எப்போது என்றாலும் போடாதீர்கள். ஜூலி அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, பின்பக்கத்தில் கெட்ட வாடையோடு நீர் வடிந்தாலோ கட்டியை மறந்துவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

மாமியார் சொன்ன பால் கட்டுதலையும் பார்ப்போம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வந்து ஒன்றரை இரண்டு மாதம் கழித்து, குட்டியே இல்லாமலும் மடி வீங்கிப் பால் வரும். ஆனால் அப்போது இரண்டு வரிசையும் ஒரே சீராக உப்பும், இரண்டு மூன்று வாரத்தில் தானாக வடியும். தனியாக ஒரே இடத்தில் கடலை மாதிரி நிற்காது. குட்டி ஊட்டுகிற நாய்க்குப் பால் கட்டிச் சுரப்பி வெந்துபோனால் அந்த இடம் சுடும், சிவந்து நீலம் பாயும், தொட விடாது, காய்ச்சலும் அடிக்கும். ஜூலிக்கு இவை ஒன்றும் இல்லை.

மஞ்சளால் கெடுதல் ஒன்றுமில்லை, சுண்ணாம்புதான் வேண்டாம். வயிற்றுத் தோல் மெல்லியது, வெந்துவிடும். நாய் அதை நக்கி நாக்கும் வாயும் புண்ணாகும். வைத்தியரிடம் கொண்டுபோகும்போது கட்டி எது, வெந்த புண்ணின் வீக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். அதேபோல் நூலை இறுக்கிக் கட்டுவது, ஊதுபத்தியால் சுடுவது, ஊசியால் குத்திப் பிதுக்குவது, இவை எதுவும் வேண்டாம். வலிக்குமோ என்று பனடோலோ, மனிதர் குடிக்கும் வேறு வலி மாத்திரைகளோ கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூபன், டைக்ளோபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் நாசமாக்கும்.

கத்தி வைத்தால் பரவும் என்ற அண்ணனின் பேச்சு தோட்டத்தில் மட்டுமா, டவுனில் படித்தவர்களும் சொல்கிறார்கள். இது ஏன் இவ்வளவு பலமாக நிற்கிறது என்றால், அப்படி நடந்ததைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷம் வளரவிட்டு, உடைந்து நாறத் தொடங்கிய பிறகு நாயைக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போயிருக்கும், வெளியே தெரியாது. கட்டியை வெட்டி எடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மூச்சு வாங்கி நாய் இறந்துபோகும். பழி கத்திமேல் விழுகிறது. காத்திருந்த அந்த ஒரு வருஷத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிறிய கட்டியாக இருக்கும்போதே சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து முழுசாக எடுத்தால், பெரும்பாலான நாய்களுக்கு அதோடு விஷயம் முடிந்துவிடும். அண்ணன் சொன்னது சரியாகிற ஓரிடமும் உண்டு. சுரப்பி முழுவதும் திடீரென்று சிவந்து, சூடாகி, பலகை மாதிரி இறுகி, காலும் வீங்கும் ஒரு வகை இருக்கிறது. அதில் கத்தி வைக்காமல் இருப்பதே நல்லது. ஜூலிக்கு அது இல்லை.

சரி, யாரிடம் போவது? தோட்டத்தில் பசு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். சினை ஊசிக்கு வருகிற அரச கால்நடை வைத்தியரின் அலுவலகம் எங்கே, எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்று அவர்களுக்கு அத்துப்படி. அந்த அலுவலகம் மாட்டுக்கு மட்டும் இல்லை, நாயையும் பார்ப்பார்கள். ஆனால் வைத்தியர் அடிக்கடி வெளியே பண்ணைகளுக்குப் போய்விடுவார், அதனால் முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போங்கள். ஓட்டோக் கூலி வீணாகக் கூடாது. ஹட்டன் பக்கம் தனியார் வைத்தியரிடம் போனாலும் சரிதான். அங்கே ஒப்பரேஷன் வசதி இல்லை, அல்லது எக்ஸ்ரே வேண்டும் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நாட்டிலேயே மிருக வைத்தியர்களை உருவாக்குகிற ஒரே பீடம் அது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போகிற வழி நீளம்தான், வளைவுக்கு வளைவு நாய் வாந்தியெடுக்கும். போகும்போது சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப்போங்கள், பழைய சாக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் இல்லாமல் நேரே அங்கே போய் நிற்பதைவிட, உங்கள் பகுதி வைத்தியரிடம் ஒரு குறிப்பு வாங்கிக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். மாலையில், ஜூலி வயிறு நிறைந்து சோம்பலாக இருக்கும் நேரம், அதை மல்லாக்கப் படுக்க வையுங்கள். உங்கள் கை குளிர்ந்திருக்கக் கூடாது, அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள். முன்னங்கால் இடுக்கில் தொடங்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே தொடையிடுக்கு வரை வாருங்கள். ஒரு வரிசை முடிந்ததும் மற்ற வரிசை. அரிசி அளவில் இன்னொன்று இருந்தாலும் விரலுக்குத் தெரியும். பால் சுரப்பிக் கட்டி ஒன்று இருக்கும் நாய்க்கு இன்னும் ஒன்றிரண்டு இருப்பது சகஜம், அதனால்தான் சொல்கிறேன். கண்ட கட்டியைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து, எத்தனையாவது காம்பு, இடமா வலமா, இன்றைய திகதி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் படம் எடுத்தால் பக்கத்தில் அடிமட்டத்தையும் வைத்து எடுங்கள். கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது, கடைசி ஊசி எப்போது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொண்டால் வைத்தியர் கேட்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

இப்படித் தடவும்போது தேவையில்லாமல் பயந்துவிடவும் வேண்டாம். நெஞ்செலும்பின் நுனி வயிற்றுப் பக்கமாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், மெலிந்த நாயில் அது கட்டி மாதிரியே இருக்கும். ஆண் நாய்க்கும் காம்பு உண்டு. அதை உண்ணி என்று நினைத்துச் சாமணத்தால் இழுத்து இரத்தம் வரவைத்துக் கூட்டிவருகிறவர்கள் எத்தனையோ பேர். நாய் பாவம், ஒன்றும் சொல்லாமல் நிற்கும்.

வைத்தியர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குக் கேள்வி கேட்கச் சுலபம். நெறிக்கட்டுகளைத் தடவிப் பார்ப்பார். கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். மயக்க மருந்து தேவையில்லை, தடுப்பூசி போடுகிற அளவு வலிதான். கொழுப்பா, சீழா, வேறு வகையா என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் சுரப்பிக் கட்டி என்று தெரிந்தபின், அது சாதுவா பொல்லாததா என்பதை ஊசிப் பரிசோதனை நம்பிக்கையாகச் சொல்லாது. கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். ஆகவே வைத்தியர் நேரே ஒப்பரேஷன் என்று சொன்னால், காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். மாறாக, ஒரு கிழமைக்கு அன்டிபயோட்டிக் குளிசை கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் இன்னொரு கிழமை பார்ப்போம் என்று இழுத்தால், கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிடலாமா சேர் என்று நீங்களே கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒப்பரேஷனுக்கு முன்னால் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பது நல்லது. நுரையீரலுக்குப் போயிருந்தால் வீணாக வெட்ட வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் கேளுங்கள், முக்கியமாக இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை. உண்ணி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கட்டி தட்டுப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்ணி இருக்கும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். இரத்தத் தட்டுக்கள் குறைந்திருந்தால் வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காது. அப்படி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் கத்தி எடுப்பார்கள். எட்டு வயசு மயக்க மருந்தைத் தாங்காத வயசு இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

அதே மயக்கத்திலேயே கருப்பையையும் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஊசியின் தொல்லையும் சீழ் பிடிக்கும் பயமும் அதோடு ஒழியும். எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிட விடாதீர்கள். சதை கெடாமல் வைக்கும் போமலின் மருந்துப் போத்தலில் போட்டு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கையில் காசு இறுக்கம் என்றால் நல்ல மாத்திரை, விலை கூடிய விற்றமின் மருந்து என்று எழுதித்தருவதில் எது அவசியம் என்று கேட்டுக் குறையுங்கள், ஆனால் இந்த ஆய்வுக் காசில் கை வைக்காதீர்கள். மொத்தமாக எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே கேட்டுவிட்டு, சம்பள நாளைப் பார்த்துத் திகதி வாங்குங்கள். இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆனால் பாதகமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு வேலை. தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினாலு நாள். அதுவரை நக்கவிடக் கூடாது. வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டலாம், அல்லது பிள்ளையின் பழைய பனியனை முன்காலுக்குக் கை, பின்னால் முடிச்சு என்று போட்டுவிடலாம். உங்கள் பக்கத்து மழைக்கு நாய் வெளியே போனால் வயிறு நனைந்துவிடும், கானில் இறங்கும், சேறு அப்பும். கயிற்றில் பிடித்துக்கொண்டு மூத்திரத்துக்கு மட்டும் கூட்டிப்போங்கள். அந்த இரண்டு வாரம் மலைக்கு உங்கள் பின்னால் வரவிடாமல் கட்டிவைக்க வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நீங்கள் கிளம்பும்போது அது போடப்போகும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அக்கம்பக்கத்தில் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சில வார்த்தை, ஏனென்றால் எல்லாக் கட்டியும் ஜூலியின் கட்டி இல்லை. பன்றி விரட்டிப்போன நாய்க்கோ, சண்டை பிடித்த நாய்க்கோ இரண்டு மூன்று நாளில் சட்டென்று சூடாக, வலியோடு வீங்கினால் அது பெரும்பாலும் சீழ்க்கட்டி. வைத்தியர் கீறிக் கழுவி மருந்து போட்டால் ஆறும். கழுத்தைச் சுற்றி வீக்கம் என்றால் முடியை விலக்கிப் பாருங்கள். குட்டியில் கட்டிய கயிறு அப்படியே தோலுக்குள் புதைந்திருக்கும், அல்லது பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அறுத்திருக்கும். மூன்று வயசுக்குக் குறைந்த நாயின் காதிலோ தலையிலோ காலிலோ சிவப்புப் பொத்தான் மாதிரி எழும்புவது பலமுறை இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். என்றாலும் ஒருதடவை ஊசிப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீடுகளில் கொழுத்துப்போன வயசான லெப்ரடோர்களுக்கு விலாவில் வருவது அநேகமாகக் கொழுப்புக்கட்டி, ஆனால் அதையும் ஊசிப் பரிசோதனை இல்லாமல் தொட்டுப் பார்த்தே முடிவு கட்டாதீர்கள். ஒருநாள் பெருத்து மறுநாள் சிறுத்து, தொட்டதும் சிவந்து தடிக்கிற கட்டியைத் தயவுசெய்து பிசையாதீர்கள். அதற்குள் இருக்கும் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் ஒரேயடியாக வெளியாகி நாய் சுருண்டுவிடலாம். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் என்று பல இடத்தில் ஒரே நேரத்தில் நெறி கட்டியிருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஊர்சுற்றும் நாய்க்குப் பிறப்புறுப்பில் பூக்கோவா மாதிரிச் சதை வளர்ந்து இரத்தம் சொட்டினால், அது இணைசேர்வதால் நாய்க்கு நாய் தொற்றுகிற புற்று. பெயர் பயங்கரமாக இருந்தாலும் வாரம் ஒரு ஊசி என்று சில வாரம் போட்டால் அநேகமாக முற்றாகக் குணமாகும். மற்ற எந்தக் கட்டியானாலும், பட்டாணி அளவைத் தாண்டியிருந்தால், அல்லது ஒரு மாதமாக அப்படியே நின்றால், ஊசிப் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். ஜூலியின் கட்டி பால் சுரப்பிக் கட்டியாக இருந்தால் அது பிள்ளைகளுக்கும் ஒட்டாது, வேறு நாய்க்கும் ஒட்டாது. இலங்கையில் நாய்களுக்குத் தோலுக்கடியில் முடிச்சு உண்டாக்கும் ஒரு நூல்புழு இருக்கிறது. அது மனிதருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும்கூட வந்திருக்கிறது. ஆனால் அதுவும் நாயைத் தொடுவதால் வராது, நுளம்பு கடித்துத்தான் வரும். கட்டிக்காக ஜூலியைப் படுக்கையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. உண்ணிக்காக விரட்டலாம். உண்ணி மருந்து கேட்டு வாங்குங்கள், படுக்கிற சாக்கை வெந்நீரில் போட்டு அலசுங்கள், உண்ணி சுவர் வெடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் என்பதால் காம்பராவின் மூலைகளையும் பாருங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருஷம் போட்டாயிற்றா என்று கார்டைப் பார்த்து, இல்லையென்றால் எப்போது போடலாம் என்று அதே வைத்தியரிடம் கேளுங்கள். ஆய்வு அறிக்கை இங்கிலீஷில்தான் வரும். வந்ததும் அதைப் படம் பிடித்து அனுப்புங்கள், என்ன எழுதியிருக்கிறது, இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று எழுதுகிறேன்.